இரண்டாம் அறையின் வாக்குச்சீட்டுகள்

பள்ளி அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் மூன்று பேருக்கும் இதுதான் முதல் நிர்வாகக் குழுத் தேர்தல் என்று கேள்விப்பட்டேன். என்னென்ன செய்ய வேண்டும் என்று எழுதித் தரும்படி கேட்டிருக்கிறீர்கள். விதிகளை நான் எழுத வேண்டியதில்லை. அவை அலுவலக அலமாரியில், நீல அட்டை போட்ட கோப்பில் இருக்கின்றன. அதில் இல்லாத ஒன்றைத்தான் என்னால் சொல்ல முடியும். விதி தெளிவாக இருந்தும் காரியம் தவறிப்போன ஒரு வெள்ளிக்கிழமை என் பணிக்காலத்தில் வந்தது. தவறியது என் கையால். அதனால் அதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு.

வெளியூரிலிருந்து வந்தவர்களுக்கு நம் பள்ளியின் அமைப்பு முதலில் புரியாது. மஸ்கட்டிலிருந்து மூன்று மணி நேரம் தள்ளிக் கிடக்கும் இந்தக் கடலோர ஊரில், பள்ளிக்கூடம் எந்த முதலாளிக்கும் சொந்தமில்லை. பிள்ளைகளைச் சேர்த்த பெற்றோர்கள் தங்களுக்குள் ஐந்து பேரைத் தேர்ந்தெடுத்து அனுப்புகிறார்கள். ஆசிரியர் நியமனம், கட்டடம், பஸ், புத்தகம் எல்லாம் அந்த ஐந்து பேர் கையில். ஒரு குடும்பத்துக்கு ஒரு வாக்கு. மூன்று பிள்ளை படித்தாலும் ஒன்றுதான். மூத்த பிள்ளை எந்த வகுப்போ அதைப் பார்த்து, முதல் அறையா இரண்டாம் அறையா என்று பிரித்துவிடுவோம். சீட்டில் ஆங்கிலத்தில் அச்சிட்ட பெயர்களில் அதிகபட்சம் ஐந்துக்கு எதிரே குறி போடலாம். நம் ஊர்க்காரர்கள் பலருக்குச் சொந்த ஊரில் ஓட்டுப் போட வருஷக்கணக்கில் வாய்ப்பே கிடைத்திருக்காது. அதனால் இந்தச் சின்னத் தேர்தலுக்குக் குளித்து, இஸ்திரி போட்ட சட்டையோடு வருவார்கள். அதை நீங்கள் பார்க்கத்தான் போகிறீர்கள்.

என் முதல் தேர்தலில் நான் செய்த ஒரு தவறை முதலில் சொல்லிவிடுகிறேன். மேஜையில் வாக்காளர் பட்டியலோடு உட்கார்ந்திருந்தேன். ஒரு அம்மா வந்தார். கணவர் கடலுக்குள் எண்ணெய் எடுக்கும் மேடையில் டியூட்டியில் இருந்தார், கரைக்கு வர இரண்டு வாரம் ஆகும். பட்டியலில் தந்தை பெயர் மட்டுமே அச்சாகியிருந்தது. உங்கள் பெயர் இல்லையே என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன். அவர் வாதாடவில்லை. கொண்டுவந்திருந்த பிள்ளையின் ரிப்போர்ட் கார்டைப் பிளாஸ்டிக் உறைக்குள் திரும்பப் போட்டுக்கொண்டு போய்விட்டார். மறுநாள் நீலக் கோப்பைப் பிரித்துப் பார்த்தேன். “பெற்றோரில் ஒருவர்” என்றுதான் விதி சொல்கிறது. தந்தை என்று சொன்னது விதியல்ல, நான் தட்டச்சு செய்த பட்டியல். வீடு தேடிப் போய் மன்னிப்புக் கேட்டேன். டீ கொடுத்தார். ஆனால் அடுத்த தேர்தலுக்குள் அவர்கள் ஒப்பந்தம் முடிந்து ஊருக்குப் போய்விட்டார்கள். அவருடைய வாக்கை என்னால் திருப்பித் தர முடியவே இல்லை.

அடுத்த தேர்தலுக்கு இரண்டு பெயரையும் அச்சிட்டோம். தாயோ தந்தையோ, யார் முதலில் வருகிறாரோ அவருக்குச் சீட்டு. நான் சொல்ல வந்த தேர்தல் அதுதான். இரண்டாயிரங்களின் நடுவில், ஒரு குளிர்காலத்தில் நடந்தது.

அந்தத் தேர்தலில் எட்டு வேட்பாளர்கள். அதில் இரண்டு பேரின் பெயர் யாரையும் குழப்பும். ஒருவர் சேவியர் அந்தோணி. பெரிய கம்பெனியில் மேனேஜர், அப்போதைய குழுவின் தலைவர். இன்னொருவர் அந்தோணி சேவியர். தூத்துக்குடிக்காரர், துறைமுகத்துப் பட்டறையில் ஃபோர்மன். ஊரில் போர்ட் அந்தோணி என்றால்தான் தெரியும். குலுக்கல் போட்டதில் போர்ட் அந்தோணிக்கு நான்காம் எண், தலைவருக்கு ஐந்தாம் எண். இருவர் பெயரும் தலைகீழாக ஒன்றே என்பதால், யாரும் பெயரைச் சொல்லி ஓட்டுக் கேட்கவில்லை. “நாலாம் நம்பர்”, “அஞ்சாம் நம்பர்” என்றுதான் ஊர் முழுவதும் பேச்சு.

போர்ட் அந்தோணி நின்றது ஒரே ஒரு விஷயத்துக்காக. துறைமுகக் குடியிருப்புக்குப் போய்க்கொண்டிருந்த பள்ளி பஸ்ஸை அதற்கு முந்தைய வருஷம் குழு நிறுத்தியிருந்தது. அந்தப் பக்கம் பிள்ளைகள் குறைவு, தூரம் அதிகம் என்று காரணம். டிரைவர், மெக்கானிக், கிரேன் ஆபரேட்டர் வீட்டுப் பிள்ளைகள் வாடகை வேனில் மடிமேல் மடியாக உட்கார்ந்து வந்தார்கள். வெயில் காலத்தில் ஒரு சிறுமி வேனிலேயே மயங்கிவிட்டாள். அவளை இறக்கித் தண்ணீர் தெளித்தவர்களில் நானும் ஒருத்தி. அந்தப் பக்கத்துக் குடும்பங்களுக்கு அது வெறும் தேர்தல் அல்ல.

வாக்குப்பதிவு வெள்ளிக்கிழமை காலை எட்டிலிருந்து மாலை நான்கு வரை. கூட்டம் கூடுவதற்கு அந்த ஒரு நாளைக்கு, சூரியன் மறையும்போது நடக்கும் மக்ரிப் தொழுகை வரை மட்டும் அரசிடம் அனுமதி வாங்கியிருந்தோம். தேர்தல் அலுவலர், வேட்பாளராக இல்லாத ஒரு பெற்றோர். அரசு மருத்துவமனையில் மயக்க மருந்து டாக்டர், வங்காளி. பத்து மணிக்கு அவருக்கு ஆஸ்பத்திரியிலிருந்து அவசர அழைப்பு வந்தது. விபத்துக் கேஸ். இரண்டு மணி நேரத்தில் வந்துவிடுவதாகவும், அதுவரை வாக்குப்பதிவை நான் பார்த்துக்கொள்ளும்படியும் சொல்லிவிட்டு ஓடினார்.

பத்தே முக்கால் இருக்கும். இரண்டாம் அறையில் செல்வி என்ற பெண் சீட்டை வாங்கிக்கொண்டு மறைப்புக்குப் பின்னால் போனவள் வெளியே வரவில்லை. வரிசை நீண்டது. ராமநாதபுரத்துப் பெண், கணவர் கிரேனில் வேலை. பள்ளிக்கூடம் அதிகம் போகாதவள். மகளோடு சேர்ந்து உட்கார்ந்து ஆங்கில எழுத்துக் கற்றுக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டித்தான் படிப்பாள். என்ன ஆயிற்று என்று நான் போனபோது, சீட்டை மடித்துப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்.

“மிஸ், நாலாம் நம்பர்ல அந்தோணி அண்ணன் பேருதானே இருக்கணும்? இதுல X-ல ஆரம்பிக்குதே.”

நான் மேஜையிலிருந்து ஒரு வெற்றுச் சீட்டை எடுத்துப் பார்த்தேன். நான்காம் எண்ணில் சேவியர் அந்தோணி. ஐந்தாம் எண்ணில் அந்தோணி சேவியர். முதல் அறைக்குப் போய்ப் பார்த்தேன். அங்கே சரியாக இருந்தது.

என்ன நடந்தது என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. முதலில் நான் தட்டச்சு செய்தபோது இந்த இரண்டு பெயரையும் மாற்றி அடித்திருந்தேன். திருத்தி, புதிய பிரதியை மஸ்கட் ரூவியில் இருந்த அச்சகத்துக்கு அனுப்பினேன். சீட்டு போதாது என்று பிறகு கூடுதலாகக் கேட்டபோது, அவர்கள் பழைய பிரதியை எடுத்து அச்சடித்து அனுப்பிவிட்டார்கள். இரண்டாம் அறைக்கு வைத்த அந்தக் கட்டுகள் வந்ததும் நான் ஒன்று விடாமல் எண்ணினேன். முத்திரை குத்தினேன். ஒரு சீட்டைக் கூடப் படித்துப் பார்க்கவில்லை.

அதற்குள் இரண்டாம் அறையில் நூற்று எண்பத்து மூன்று குடும்பங்கள் வாக்களித்துவிட்டுப் போயிருந்தன. பெரும்பாலும் காலையிலேயே வாடகை வேன் பிடித்து வந்த துறைமுகப் பக்கத்தவர்கள். நாலாம் நம்பர் என்று மனதில் வைத்துக்கொண்டு வந்து, நான்கில் குறி போட்டுவிட்டுப் போனவர்கள். அவர்கள் அத்தனை பேரின் வாக்கும் அவர்கள் வேண்டாம் என்று நினைத்த மனிதருக்கு விழுந்திருக்கும்.

அந்த நிமிஷத்தில் எனக்கு என்ன தோன்றியது என்பதை மறைக்காமல் சொல்கிறேன். செல்வியைத் தவிர வேறு யாரும் கவனிக்கவில்லை. அவள் சொன்னாலும் யார் நம்புவார்கள் என்று தோன்றியது. ஒரு கணம்தான், ஆனால் தோன்றியது. உங்களுக்கும் தோன்றும். அப்படித் தோன்றுவதற்காக வெட்கப்பட வேண்டாம். அடுத்து என்ன செய்கிறீர்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நான் இரண்டாம் அறையின் கதவைச் சாத்தினேன். வாக்குப்பதிவு சற்று நேரம் நிற்கிறது என்று வரிசையில் சொன்னேன். செல்வியை ஒரு நாற்காலியில் உட்காரச் சொல்லிவிட்டு டாக்டருக்குப் போன் செய்தேன். ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே நர்ஸ் ஒருவர் போனை அவர் காதில் பிடித்திருக்க வேண்டும். நடந்ததைச் சொன்னேன். என்ன செய்யலாம் என்று அவர் என்னையே திருப்பிக் கேட்டார். இன்னும் தெரியவில்லை என்றேன். நீ முடிவெடு, நான் வந்து கையெழுத்துப் போடுகிறேன், ஆனால் வேட்பாளர்கள் எட்டுப் பேருக்கும் தெரியாமல் எதையும் செய்யாதே என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

கதவு சாத்தியிருப்பதைப் பார்த்துவிட்டு முதலில் வந்தவர் தலைவர். தனியாக வந்தார். அவரிடம் இரண்டு சீட்டையும் காட்டினேன். அவர் கெட்ட மனிதர் இல்லை. கணக்காக யோசிக்கிறவர். பெயருக்கு எதிரேதான் குறி இருக்கிறது, எந்த எண்ணில் இருந்தால் என்ன, சட்டப்படி வாக்கு செல்லும், ஆகவே நடத்திவிடலாம் என்றார். இன்றைக்கு நிறுத்தினால் இன்னொரு நாளுக்கு அனுமதி கிடைக்க மாதங்கள் ஆகும், அதுவரை பழைய குழுவே தொடர வேண்டிவரும், அதைத்தான் ஊர் தப்பாகப் பேசும் என்றும் சொன்னார். அவர் சொன்ன ஒவ்வொன்றும் உண்மை. அதனால்தான் பதில் சொல்லக் கஷ்டமாக இருந்தது.

“சார், சட்டப்படி செல்லலாம்,” என்றேன். “ஆனா இப்படி ஜெயிச்சா, நீங்க ஜெயிச்சீங்களா இல்ல நாலாம் நம்பர் ஜெயிச்சுதான்னு உங்களுக்கே தெரியாது.”

அவர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, “எல்லாரையும் கூப்பிடுங்க மிஸ்” என்றார்.

எட்டுப் பேரையும் நூலகத்தில் உட்கார வைத்து, இது என் தவறு என்று முதலில் சொன்னேன். அச்சகத்தின் பெயரை நான் எடுக்கவே இல்லை. அச்சகத்தைச் சொன்னால் பேச்சு அச்சகத்தைப் பற்றிப் போகும், நேரம் போகும். அவர்களில் ஒருவர், எளிதான வழி இருக்கிறது என்றார். இரண்டாம் அறைப் பெட்டியில் நான்கை ஐந்தாகவும் ஐந்தை நான்காகவும் எண்ணிவிட்டால் சரியாகிவிடும். கேட்க நன்றாக இருந்தது. ஆனால் செல்வியைப் போலப் பெயரைப் படித்துப் போட்டவர்கள் எத்தனை பேர், எண்ணைப் பார்த்துப் போட்டவர்கள் எத்தனை பேர் என்று யாருக்குத் தெரியும்? ஒருவர் மனதில் இருந்ததை நாம் ஊகித்து எண்ண முடியாது.

எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான் இருந்தது. இரண்டாம் அறைப் பெட்டியைத் திறக்காமலே முத்திரை வைத்து ஒதுக்கிவிடுவது. புதிய சீட்டு அடித்து, பதிவு நேரத்தை நீட்டி, வாக்களித்துவிட்டுப் போன நூற்று எண்பத்து மூன்று குடும்பங்களையும் மக்ரிபுக்குள் திரும்ப வரவழைப்பது.

போர்ட் அந்தோணிதான் முதலில் பேசினார். “எங்க ஆளுக பாதிப் பேரு டூட்டிக்குப் போயிருப்பாக மிஸ். வருவாகளான்னு எனக்குத் தெரியாது. ஆனா வேற வழி சொன்னா நான் ஒத்துக்கிட மாட்டேன்.” பிறகு தலைவரைப் பார்த்தார். தலைவர் தலையசைத்தார். எட்டுப் பேரும் கையெழுத்துப் போட்டார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது. ஓவிய வகுப்பு அறையிலிருந்து மஞ்சள் தாள் எடுத்து வந்தோம். சரியான சீட்டு ஒன்றை வைத்து, பரீட்சை வினாத்தாள் அடிக்கும் இயந்திரத்தில் நானூறுக்கு மேல் ஓட்டினோம். அந்தப் படியை எடுப்பதற்கு முன்பு எட்டு வேட்பாளர்களும் தங்கள் பெயரை வாய்விட்டுப் படித்தார்கள். ஒவ்வொரு மஞ்சள் சீட்டின் பின்னாலும் தலைவரும் போர்ட் அந்தோணியும் கையெழுத்திட வேண்டும் என்று வைத்தேன். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் சின்ன பெஞ்சில், முட்டி இடிக்க இடிக்க, இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து போட்டுத் தள்ளினார்கள். ஒருவர் கை ஓய்ந்தால் மற்றவர் நிறுத்திக் காத்திருந்தார்.

முதல் அறையில் பதிவு நடந்துகொண்டே இருந்தது. ஆசிரியைகள் ஆறு பேர் அலுவலகத்தில் உட்கார்ந்து, கையெழுத்துப் பதிவேட்டைப் பார்த்து ஒவ்வொரு குடும்பத்துக்கும் போன் செய்தார்கள். என்ன சொல்ல வேண்டும் என்று ஒரே வாசகத்தை எழுதிக் கொடுத்திருந்தேன். “சீட்டில் எங்கள் தவறு, உங்கள் வாக்கு எண்ணப்படாது, தயவுசெய்து மறுபடி வாருங்கள்.” யாருக்கு வாக்கு என்ற பேச்சே வரக்கூடாது. சிலர் திட்டினார்கள். சிலர் ஜும்ஆ தொழுகையில் இருந்தார்கள். ஒரு குடும்பம் பிள்ளைகளோடு வாதி என்று இங்கே சொல்லும் மலை ஓடைக்குப் போய், பாறைமேல் உட்கார்ந்து பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தது.

துறைமுகப் பக்கத்துக்காரர்கள் சொன்னது ஒரே பதில். வரத் தயார், ஆனால் எப்படி வருவது? காலையில் வாடகை வேன் பிடித்து வந்துவிட்டுப் போய்விட்டார்கள். வெள்ளிக்கிழமை மத்தியானம் அந்தப் பக்கம் டாக்ஸியும் கிடைக்காது.

நான் தலைவரிடம் போனேன். பஸ்ஸை அனுப்பும் அதிகாரம் அப்போது அவரிடம்தான் இருந்தது. துறைமுகப் பக்கத்தவர்களுக்கு வர வண்டியில்லை என்று சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், சுவரில் மாட்டியிருந்த பஸ் சாவிகளைப் பார்த்தார். இரண்டு டிரைவர்களையும் கூப்பிட்டு, “போர்ட் குவாட்டர்ஸ். யல்லா, கிளம்புங்க” என்றார். பிறகு என்ன நினைத்தாரோ, முதல் பஸ்ஸில் தானும் ஏறினார். பின்னாலேயே போர்ட் அந்தோணியும் ஏறினார். பிரசாரம் எதுவும் பேசக்கூடாது என்று நான் ஜன்னல் வழியாகச் சொன்னேன். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

போக வர ஒன்றேகால் மணி நேரம். அந்தத் தூரத்தைத் தலைவர் அதற்கு முன்பு வரைபடத்தில்தான் பார்த்திருந்தார். மூன்று மணிக்கு முதல் பஸ் வந்து நின்றபோது உள்ளே நிற்க இடமில்லை. கவரால் என்னும் வேலை உடுப்போடு, கையில் கிரீஸோடு டியூட்டியிலிருந்து நேரே வந்தவர்கள் இருந்தார்கள். இரண்டு மணி நேரம்தான் விட்டிருக்கிறார்கள், சீக்கிரம் மிஸ் என்றார்கள். டாக்டர் அதற்குள் ஆஸ்பத்திரிப் பச்சைச் சட்டையோடே வந்து சேர்ந்து, பத்தாக்கா என்று நாமெல்லோரும் சொல்லும் அடையாள அட்டையைச் சரிபார்க்க உட்கார்ந்துவிட்டார். முதல் மஞ்சள் சீட்டைச் செல்விக்குக் கொடுத்தேன். காலையிலிருந்து அந்த நாற்காலியிலேயே இருந்தாள். சாப்பிடப் போகச் சொல்லியும் போகவில்லை. மறைப்புக்குப் பின்னால் அவள் எடுத்துக்கொண்ட நேரம் இந்தத் தடவையும் குறையவில்லை. யாரும் அவசரப்படுத்தவில்லை.

மக்ரிப் பாங்கு ஒலி கேட்டபோது கதவை மூடினோம். நூற்று எண்பத்து மூன்றில் நூற்று எழுபத்தாறு குடும்பங்கள் திரும்பி வந்திருந்தன. வாதிக்குப் போயிருந்த குடும்பம் ஈரத் துணியோடு கடைசிப் பத்து நிமிஷத்தில் வந்தது.

எண்ணும்போது வேட்பாளர்களும் ஏஜென்ட்டுகளும் மட்டும் இருந்தார்கள். முதல் நான்கு இடங்கள் எளிதாகத் தெரிந்துவிட்டன. ஐந்தாவது இடத்துக்கு இரண்டு அந்தோணிகள்தான் நின்றார்கள். டாக்டர் இரண்டு தடவை கூட்டிப் பார்த்துவிட்டு வாசித்தார். போர்ட் அந்தோணி பதினொரு வாக்கு அதிகம். வராமல் போன ஏழு குடும்பங்களும் வந்து மறுபக்கம் போட்டிருந்தாலும் முடிவு மாறியிருக்காது. அந்தப் பதினொன்றைக் கேட்டபோது எனக்கு வந்த நிம்மதியை என்னால் விவரிக்க முடியாது. யார் ஜெயித்தார் என்பதற்காக அல்ல. யாரும் இனிமேல் அதைச் சந்தேகிக்க முடியாது என்பதற்காக.

மறு எண்ணிக்கை கேட்கும் படிவத்தைத் தலைவர் முன்னால் வைத்தேன். அது அவர் உரிமை. அவர் அதை ஒதுக்கிவைத்துவிட்டு முடிவுத் தாளைக் கேட்டார்.

“வேண்டாம் மிஸ். அந்த பஸ்ல நானும்தான் வந்தேன்.”

எட்டுப் பேரில் முதல் கையெழுத்து அவருடையது. புதிய குழு பொறுப்பேற்க இன்னும் இரண்டு வாரம் இருந்தது. அந்த இரண்டு வாரத்துக்குள், தன் அதிகாரத்திலேயே, துறைமுகக் குடியிருப்புக்கு பஸ் ஓட ஆணை போட்டுவிட்டுத்தான் அவர் பதவியை விட்டார். போர்ட் அந்தோணி செய்வதற்கென்று வந்த வேலையை அவருக்கு மிச்சம் வைக்கவில்லை.

இனி என் கதை. தேர்தலுக்கு மறுநாளே, நடந்தது முழுவதையும் எழுதி, என் மேல் நடவடிக்கை எடுக்கக் கேட்டுக் கடிதம் கொடுத்திருந்தேன். புதிய குழுவின் முதல் கூட்டத்தில் அதைப் படித்தார்கள். இரண்டு மணி நேரம் பேசினார்கள். வேலையில் தொடரலாம், அடுத்த தேர்தலையும் நானே நடத்தலாம், ஆனால் எழுத்து மூலமாகக் கண்டனம் என்று முடிவானது. அதை எழுதும் பொறுப்பு குழுவின் செயலாளரான போர்ட் அந்தோணிக்கு வந்தது. அலுவலகத்தில் அப்போது தட்டச்சு தெரிந்தவள் நான் ஒருத்திதான். அவர் என் மேஜைக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். கையில் வைத்திருந்த தாளைப் பார்த்துப் பார்த்துச் சொன்னார், நான் அடித்தேன். பாதியில் நிறுத்திவிட்டார்.

“மிஸ், இதுல ‘கண்டிக்கிறோம்’னு போடத்தான் வேணுமா? ‘கவனமாக இருக்கவும்’னு போட்டாப் போதாதா?”

“போடுங்க சார்,” என்றேன். “நாளைக்கு இந்த நாற்காலியில வர்றவங்களும் தப்புப் பண்ணுவாங்க. ஒத்துக்கிட்டா ஒரு மெமோவோட போயிடும்னு அவங்களுக்குத் தெரியட்டும்.”

அவர் கையிலிருந்த தாளை மறுபடி எடுத்துப் பிடித்தார். பிறகு, “சரி, அடிங்க” என்றார். ‘கண்டிக்கிறோம்’ என்றே தட்டச்சு செய்து, தாளை உருவி, கையெழுத்துக்கு அவரிடம் நீட்டினேன்.